ஒரு முற்றம், இரு நாய்கள்

பொறாமை என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால், பொறுக்க இயலாமை என்பதே அதன் பொருளாக நிற்கும். திருக்குறளில் பொறையுடைமை 16ஆம் அதிகாரமாகவும், அழுக்காறாமை 17ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைந்திருப்பதை மாணவர்களுக்கு எத்தனையோ ஆண்டுகள் சுட்டிக்காட்டியிருக்கின்றேன். பிறன் பெற்றதைக் கண்டு மனம் புழுங்குதல் மனிதருக்கே உரிய குற்றம் என்றும், விலங்குகள் பசியையும் அச்சத்தையும் தவிர வேறொன்றும் அறியாதன என்றும் அப்பொழுது நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை என் வீட்டு முற்றத்தில் இரு நாய்கள் கலைத்துவிட்டன. அவற்றால் எங்களுக்கு நேர்ந்த துன்பத்தையும், அதைத் தீர்க்க முயன்றபோது கற்றுக்கொண்டவற்றையும் இங்கு எழுதுகின்றேன். நாய் வளர்ப்போர்க்கு இது நேரே பயன்படும். வளர்க்காதோர்க்கும் முற்றிலும் அந்நியமாக இராது என நம்புகின்றேன்.

வீமனும் ரொமியும்

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மார்கழி மழையில், பாடசாலை விட்டு வரும் வழியில் மதகொன்றின் கீழே நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியொன்றைச் சைக்கிள் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரு உள்ளங்கைகளில் அடங்கிய அந்த உயிருக்கு வீமன் என்று பெயர் சூட்டியது என் மனைவியின் பரிகாசம். குலம் கோத்திரம் அறியாத நாட்டு நாய்தான். ஆயினும், நான் ஓய்வு பெற்ற பின்னர் எனக்கு வாய்த்த தோழர்களுள் அதனினும் நெருங்கிய தோழர் இல்லை. காலையில் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து பத்திரிகையை விரித்தால், கதிரையின் இடப்பக்கத்தில் அது வந்து படுக்கும். என் இடக்கை தானாகவே அதன் தலைமேற் போய்த் தங்கும். இருவருக்கும் அது பழக்கமாகிவிட்டது.

எங்கள் மகன் கொழும்பிற் பணியாற்றியவன். அங்கே தன் வாடகை வீட்டில் ரொமி என்ற நாயொன்றை வளர்த்தான். கனடாவுக்குச் செல்ல அவனுக்கு வாய்ப்புக் கிட்டியபோது, மூன்று வயதான அந்த நாயை இரவோடிரவாக வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் படலையடியில் இறக்கினான். நான்காம் நாள் விமானம் ஏறிவிட்டான். அவன் போன பிறகு ரொமி இரண்டு நாள் உணவு கொள்ளவில்லை. அதன் அருகில் அமர்ந்து சோற்றைக் கையால் ஊட்டியவள் என் மனைவி. அவள் ஊட்டியது நாய்க்கு மட்டுமன்று என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

முதல் வாரத்தில் இரண்டும் ஒன்றையொன்று முகர்ந்து பார்த்தன. வேலியோரமாகச் சேர்ந்து ஓடவும் செய்தன. நாங்கள் மகிழ்ந்தோம். இரண்டாம் வாரத்தில் மெல்ல மெல்ல வேறொரு காட்சி தெரியலாயிற்று. ரொமியை நான் தடவினால், எங்கிருந்தோ வீமன் வந்து என் முழங்காலுக்கும் ரொமிக்கும் நடுவே தன் உடலைச் செருகும். நான் வெளியே சென்று திரும்பினால் இரண்டும் படலைக்கு விரைந்தோடி, யார் முதலில் என்னைத் தொடுவது என்று முட்டிக்கொள்ளும். விறாந்தையிலிருந்து குசினிக்குப் போகும் ஒடுங்கிய நடையில் ஒன்று படுத்துக்கொண்டு மற்றதற்கு வழி விடாது.

சமநீதியின் தோல்வி

நான் ஆசிரியன். பிள்ளைகளிடையே பாரபட்சம் காட்டலாகாது என்பது என் தொழிலின் முதற் பாடம். ஆகவே நாய்களுக்கும் சமநீதி வழங்கத் தலைப்பட்டேன். ஒரே அளவான இரு கோப்பைகள் வாங்கி அருகருகே வைத்தேன். ஒரே அளவு சோறு, ஒரே அளவு மீன். ஒரு கையால் ஒன்றைத் தடவினால் மறு கையால் மற்றதையும் தடவினேன். ஒன்றுக்கு எலும்பு கிடைத்தால் மற்றதற்கும் கிடைக்கும்வரை அதை ஒளித்து வைத்தேன். வீமன் இடையிற் புகுந்தால், 'பாவம், பழையவன் ஏங்குகிறான்' என்று இரங்கி இன்னும் சற்று அதிகமாகத் தடவினேன். உறுமினால் அதட்டினேன்.

இத்தனையும் தவறு என்பதை அப்பொழுது அறியேன். அருகருகே வைத்த கோப்பைகள் ஒவ்வொரு வேளை உணவையும் ஒரு போட்டியாக்கின. இடையிற் புகுந்ததற்குக் கிடைத்த தடவல், இடையிற் புகுவதே ஆதாயம் என்ற பாடத்தைக் கற்பித்தது. உறுமலுக்குக் கிடைத்த அதட்டல் எல்லாவற்றிலும் கேடானது. உறுமல் என்பது நாயின் எச்சரிக்கை. 'என்னை நெருக்காதே' என்று அது சொல்லும் முறை அது. அதைத் தண்டித்தால் நாயின் மனக்கலக்கம் நீங்குவதில்லை. எச்சரிக்கை மட்டுமே நீங்கும். பின்னர் அது முன்னறிவித்தலின்றிக் கடிக்கப் பழகும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை

மகன் ஞாயிறுதோறும் மாலையில் கைத்தொலைபேசியில் முகம் காட்டிப் பேசுவான். அன்றும் பேசினான். பேச்சின் நடுவே, "ரொமி எங்கை, அம்மா?" என்று கேட்டான். மனைவி தொலைபேசியை ரொமியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் பெயரைச் சொல்லி அழைக்க, குரலை மட்டும் கேட்டு ஆளைக் காணாத அந்த நாய் துள்ளிச் சுழன்றது. அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். வாயிற்படியில் வீமன் நின்றுகொண்டிருந்தது. அது குரைக்கவில்லை, உறுமவுமில்லை. வாலை உயர்த்தி, உடலை விறைப்பாக்கி, கண் வெட்டாமல் நின்றது. அந்த அசைவின்மைதான் எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அடுத்த கணம் இரண்டும் ஒரே உருண்டையாயின. நான் கதிரையை விட்டு எழுவதற்குள் மனைவி இரண்டுக்கும் நடுவே கையை விட்டுவிட்டாள். கடித்தது எது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கிணற்றடி வாளித் தண்ணீரை அள்ளி முகத்தில் ஊற்றியபோதுதான் அவை பிரிந்தன. ரொமியின் காது கிழிந்திருந்தது. மனைவியின் புறங்கையிற் குருதி வழிந்தது. நிலத்தில் விழுந்து கிடந்த தொலைபேசியிலிருந்து, "என்ன சத்தம்? அம்மா, என்ன சத்தம்?" என்று மகனின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுக் கால் மணி நேரம் கழுவினோம். கடித்தது வீட்டு நாயாயினும், தடுப்பூசி பெற்ற நாயாயினும், விசர்நாய்க்கடி நோயைப் பற்றிய முடிவை வைத்தியரே எடுத்தல் வேண்டும். ஆதலால் வைத்தியசாலைக்குச் சென்றோம். காயத்துக்கு மருந்து கட்டி ஊசியும் ஏற்றினார்கள். இரவு வீடு திரும்பியபோது அயலவர் ஒருவர் படலையடியிற் காத்திருந்தார்.

"மாஸ்ரர், இதுக்கேன் இவ்வளவு யோசனை? ஒண்டைச் சாக்குக்குள்ளை போட்டுக் கொண்டுபோய்ச் சந்தையடியிலை விட்டிட்டு வாருங்கோ. அங்கை கிடந்து சீவிக்கும்."

அது நம் ஊர்களில் நெடுங்காலமாக வழங்கும் தீர்ப்பு. சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும் விலா எலும்பு தெரிய அலையும் கட்டாக்காலிகளுட் பல, ஏதோ ஒரு வீட்டின் இத்தகைய தீர்ப்பால் அங்கு வந்தவை. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொல்வதானால், எதைச் சாக்கில் இடுவது என்று என் மனம் முடிவு செய்துவிட்டிருந்தது. மனைவி அதைக் கண்டுகொண்டாள்.

"உங்கடை வீமனை நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் பிள்ளை விட்டிட்டுப் போனது இது ஒண்டுதான்" என்றாள்.

அன்று முதல் சில நாட்கள் எங்கள் வீட்டிற் பேச்சுக் குறைந்தது. அவள் ரொமியின் காதுக்கு மருந்திட்டாள். நான் வீமனைப் பின் கட்டில் வைத்துக் காத்தேன். நாய்களிடையே இருந்தது எப்பொழுது எங்களிடையே வந்து படுத்துக்கொண்டது என்று தெரியவில்லை.

அறிஞர் கண்டவை

புத்தகத்தை நாடுவது ஆசிரியனின் பழக்கம். நாய்க்குப் பொறாமை உண்டா என்ற கேள்வி புதியதன்று. சார்ள்ஸ் டார்வின் மனிதனின் தோற்றத்தைப் பற்றி 1871இல் வெளியிட்ட நூலில் இதைத் தொட்டுச் செல்கின்றார். தன் எசமானின் அன்பு வேறோர் உயிர்மேற் பாயுமாயின் நாய் பொறாமை கொள்வதை யாவரும் கண்டிருப்பர் என்றும், விலங்குகள் அன்பு செலுத்துவதோடு அன்பு செய்யப்படவும் விரும்புகின்றன என்பதை இது காட்டும் என்றும் அவர் கருதினார்.

டார்வின் கண்ணாற் கண்டதைச் சோதனையால் ஆராய முற்பட்டவர்கள் கலிபோர்னியாவின் சன் டியாகோவிலுள்ள பல்கலைக்கழகத்தின் கிறிஸ்ரின் ஹரிஸும் அவருடைய மாணவி ஒருவரும். அவர்களுடைய ஆய்வு 2014இல் வெளியாயிற்று. 36 நாய்களை அவற்றின் சொந்த வீடுகளிலேயே சோதித்தனர். வளர்ப்பவர் தம் நாயைக் கவனியாது, ஒரு முறை குரைத்து வாலாட்டும் பொம்மை நாயொன்றைக் கொஞ்சினார். மறு முறை ஒரு பிளாஸ்டிக் வாளியை அவ்வாறே கொஞ்சினார். பிறிதொரு முறை ஒரு புத்தகத்தை உரக்க வாசித்தார். பொம்மை நாயைக் கொஞ்சியபோது நூற்றுக்கு 78 நாய்கள் வளர்ப்பவரை முட்டித் தொட்டன. வாளியைக் கொஞ்சியபோது நூற்றுக்கு 42. புத்தகத்தை வாசித்தபோது நூற்றுக்கு 22. நாலில் ஒரு பங்கு நாய்கள் பொம்மை நாயைக் கடிக்கப் பாய்ந்தன. வாளியையும் புத்தகத்தையும் அவ்வாறு தாக்கியவை மிகச் சிலவே. கவனிப்பாரற்றுப் போனமை மட்டுமே காரணமாயின், மூன்று வேளையும் ஒரே வகையாக நடந்திருக்க வேண்டுமன்றோ?

நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கே பொம்மை நாய் ஒரு மறைப்பின் பின்னால் இருந்தது. வளர்ப்பவர் அதைத் தடவுவதை நாய் கண்ணாற் காணவில்லை. தடவுகின்றார் என்று உய்த்துணரவே இயலும். அப்படியிருந்தும் நாய்கள் அவரை நோக்கி மிக வலிந்து இழுத்தன. இதனை மனிதப் பொறாமையோடு ஒன்றாகவே வைத்து எண்ணலாமா என்பதில் அறிஞர் கருத்து இன்னும் ஒன்றுபடவில்லை. நாய் தன் உடைமையைக் காக்கின்றது, அவ்வளவே என்பாரும் உளர். பெயர் எதுவாயினும், நாயின் உள்ளத்தில் நிகழ்வது வெறும் குறும்பன்று என்பது தெளிவு.

எனக்கு உண்மையில் வெளிச்சம் காட்டியது வேறோர் ஆய்வு. வியன்னாவில் பிரீடரிக்கே றாங்கே என்பாரும் அவர் குழுவினரும் நடத்திய இவ்வாய்வு 2008இல் வெளியாயிற்று. இரு நாய்களை அருகருகே இருத்தி, கை கொடுக்குமாறு ஏவினர். இரண்டும் கை கொடுத்தன. ஒன்றுக்கு மட்டும் உணவு கிடைத்தது. பெறாத நாய் விரைவிலேயே கை கொடுக்க மறுத்தது, தன்னைச் சொறிந்தது, கொட்டாவி விட்டது, மற்ற நாயைப் பார்ப்பதைத் தவிர்த்தது. தனியே இருக்கும்போது உணவின்றியும் நெடுநேரம் கை கொடுத்த அதே நாய் இது. ஆனால் ஒன்றுக்கு இறைச்சியும் மற்றதற்கு வெறும் பாணும் கொடுத்தபோது, பாண் பெற்ற நாய் முறையிடவில்லை.

இந்த இடத்திற் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். நான் மாதக் கணக்காக மீன் துண்டுகளை அளந்து கொடுத்தேன். நாயோ அளவைக் கேட்கவேயில்லை. 'எனக்கு எவ்வளவு?' என்பதன்று அதன் கேள்வி. 'நான் இன்னும் இருக்கின்றேனா?' என்பதே அதன் கேள்வி. அதற்குத் தராசு விடை சொல்லாது.

ஓநாய்க் கதை

"அடிபட்டுத் தீரட்டும். ஆர் பெரியவன் எண்டு தெரிஞ்சால் பிறகு சோலியில்லை" என்று அறிவுரை கூறியவர்களும் உண்டு. இதற்கும் ஒரு வரலாறு இருக்கின்றது. சுவிற்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிச்சாலையில் அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களை ஆராய்ந்த ருடோல்ப் ஷெங்கல் 1947இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கூட்டத்தில் தலைமைக்காக ஓயாத போட்டி நிகழ்கின்றது என்ற எண்ணம் அதிலிருந்து பரவியது. அமெரிக்கரான டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய் பற்றிய நூல் அதனை மேலும் பரப்பியது. ஓநாய்க்கு உரியது நாய்க்கும் உரியது என்று கொண்டு, வீட்டு நாய்களுள் வலியது எதுவென்று அவையே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தும் தோன்றியது.

பின்னர் அதே மெக், 1986 முதல் பல கோடைகாலங்களைக் கனடாவின் வடகோடியிலுள்ள எல்லெஸ்மியர் தீவிற் கழித்து, காட்டு ஓநாய்களை நேரே கண்டார். 1999இல் அவர் எழுதிய கட்டுரை பழைய கருத்தைத் திருத்தியது. இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம். பெற்றோர் வழிநடத்துவது சண்டையில் வென்றதனால் அன்று, பெற்றோராய் இருப்பதனால். பாசலில் அடைபட்டிருந்தவையோ வெவ்வேறிடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டு, விலகிச் செல்ல வழியின்றி ஒன்றாய் வாழ நேர்ந்தவை. வேலிக்குள் அடைபட்ட என் வீட்டு நாய்களும் அவ்வாறு அகப்பட்டவையே அன்றோ! வீமனும் ரொமியும் ஒன்றையொன்று தேர்ந்துகொள்ளவில்லை. நாங்கள் தேர்ந்தோம். ஆகவே தீர்க்கும் கடமையும் எங்களுடையதே.

ஒரு கொப்பியும் ஓர் ஒழுங்கும்

எங்கள் பகுதி மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். நான் நாய்களின் குணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது அவர் வீமனின் உடம்பைப் பார்க்கத் தொடங்கினார். காதுகளுக்குள் அழற்சி, பின்கால் மூட்டுகளில் நோவு. "சேர், வயது போன நாய்க்கு நோவிருந்தால் பொறுமை குறையும். முதல் அதைப் பார்ப்பம்" என்றார். ஒன்பது ஆண்டுகள் தலையைத் தடவிய கைக்கு அந்தக் காதின் வேதனை தெரியாமற் போனதே என்று நாணினேன்.

அடுத்து அவர் கேட்டது ஒரு கொப்பி. எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் அருகிலிருக்க, எதை முன்னிட்டு முறுகல் எழுகின்றது என்று பத்து நாட்கள் எழுதி வரச் சொன்னார். எழுதினோம். முற்றத்தில் நாங்கள் இல்லாத வேளையில் ஒரு முறுகலும் இல்லை. படலையடி, உணவு வேளை, என் கதிரையடி, குசினி நடை, தொலைபேசி அழைப்பு ஆகிய ஐந்தே இடங்கள்; ஐந்திலும் எங்களுள் ஒருவர் இருந்தோம். அமெரிக்க மிருக வைத்தியர்கள், ஒரே வீட்டில் வாழ்ந்து சண்டையிட்ட 38 நாய்ச் சோடிகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டதிலும் இதை ஒத்த செய்தியே காணப்படுகின்றது. பெரும்பாலான சோடிகள் ஒரே பாலினத்தவை. சண்டையைக் கிளப்பிய காரணங்களுள் வளர்ப்பவரின் கவனம் ஒன்று. உணவும் பரபரப்பும் ஏனையவை.

வைத்தியர் வகுத்துத் தந்த ஒழுங்கில் மந்திரம் ஏதும் இல்லை. முதல் இரு வாரங்கள் இரண்டையும் வெவ்வேறாக வைத்திருந்தோம். சண்டைக்குப் பின் உடலும் மனமும் அடங்கச் சில நாட்கள் வேண்டும். பின்னர் மாலைவேளைகளில், ஒன்றை நானும் மற்றதை மனைவியும் கயிற்றிற் பிடித்துக்கொண்டு, இடையில் வீதியின் அகலம் இருக்க, ஒரே திசையில் நடந்தோம். ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்காமல், ஒரே காற்றை முகர்ந்துகொண்டு செல்வது நாய்களின் இறுக்கத்தைத் தளர்த்தும். நாளாக ஆக இடைவெளியைக் குறைத்தோம்.

உணவு தனித்தனி இடங்களிலாயிற்று. வீமனுக்குப் பின் விறாந்தை, ரொமிக்குக் கிணற்றடி, இடையிற் கதவு. உண்டு முடிந்ததும் கோப்பைகள் எடுக்கப்பட்டன. எலும்பை முற்றத்தில் எறிவது நின்றது. குசினி நடையில் எதுவும் படுப்பதற்கு இடமில்லை. அங்கே கிடந்த சாக்கு அகற்றப்பட்டது. வெளியே சென்று வந்தால் படலையடியிற் கொஞ்சுதல் இல்லை. பேசாமல் நடந்து வந்து, இரண்டும் அடங்கிய பிறகு விறாந்தையிலிருந்து அழைத்தல்.

அழைப்பதிற்றான் முழு மருந்தும் இருந்தது. எதைக் கொடுப்பதாயினும் பெயர் சொல்லியே கொடுத்தல். எப்பொழுதும் ஒரே வரிசையிற் கொடுத்தல். முன்னர் வந்ததாகையால் முதலில் வீமன், பின்னர் ரொமி என்று தேர்ந்தோம். இரண்டும் இருக்க வேண்டும். "வீமன்" என்றால் வீமனுக்கு ஒரு பாண் துண்டு. உடனே "ரொமி" என்றால் ரொமிக்கு. முந்தி வந்து முட்டியதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதட்டலும் இல்லை. இருந்தால் முறை வரும். தன் முறை தவறாது என்று கண்ட நாய், மற்றதன் பெயர் ஒலிக்கும்போது தனக்கு இழப்பு வருவதாக நினைப்பதில்லை. அடுத்தது தானே என்று காத்திருக்கின்றது. முன்பு நெருப்பை மூட்டிய அதே ஒலி இப்பொழுது நல்வரவின் அறிகுறியாகின்றது. இதனோடு, ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் கால் மணி நேரம், மற்றது காணாத இடத்தில், முழுமையாக ஒதுக்கப்பட்டது.

இந்த ஒழுங்கினால் அதிகம் துன்புற்றவை நாய்கள் அல்ல. பத்திரிகை வாசிக்கையில் தன்போக்கில் அலையும் என் இடக்கையை நான் அடக்க வேண்டியிருந்தது. ரொமியைக் கண்டவுடன் குனிந்து கொஞ்சும் மனைவி, "வீமன்" என்று முதலில் அழைக்கப் பழக வேண்டியிருந்தது. அவள் அப்படி அழைத்த முதல் நாள், நான் கொப்பியில் அதை எழுதி வைத்தேன்.

வெற்றியின் எல்லை

இரண்டும் ஆண் நாய்களாகையால் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்வித்தோம். அது ஆண் நாய்களின் மோதலைச் சில வேளை தணிக்கும். தனியே அது மட்டும் போதாது என்று வைத்தியர் முன்கூட்டியே கூறியிருந்தார். ஐந்தாம் மாதத்தில் மீண்டும் ஒரு முறை பாய்ந்துகொண்டன. விருந்தினர் வந்த பரபரப்பில் நாங்கள் ஒழுங்கை மறந்த நாள் அது. இம்முறை ஒருவரும் கையை நீட்டவில்லை. கதவருகே ஆயத்தமாய் வைத்திருந்த தடித்த சாக்கை மேலே எறிந்து, பலகையொன்றை நடுவே செருகிப் பிரித்தோம். காயமில்லை.

எல்லா வீடுகளிலும் இது பலிக்கும் என்று சொல்லமாட்டேன். சில நாய்கள் ஒன்றாய் வாழவே இயலாதவை. ஒவ்வொரு மோதலிலும் குருதி சிந்துமாயின், அல்லது ஒன்று எந்நேரமும் அஞ்சி ஒடுங்கிக் கிடக்குமாயின், அல்லது வீட்டிற் சிறுகுழந்தை இருக்குமாயின், நல்ல வேறோர் இல்லத்தைத் தேடி ஒன்றை ஒப்படைப்பதே கருணை. சந்தையடியில் விடுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

வீமனும் ரொமியும் இன்றும் நண்பர்கள் அல்ல. ஒன்றன்மேல் ஒன்று தலை வைத்து உறங்கும் படங்களைப் பிறர் வீடுகளிற் கண்டிருக்கின்றேன். எங்கள் வீட்டில் அக்காட்சி இல்லை. முற்றத்து மாமரத்தின் நிழலில், ஒன்று கிழக்குப் புறமும் மற்றது மேற்குப் புறமுமாகப் படுத்திருக்கின்றன. இடையிலே நாலு முழம். அந்த நாலு முழத்தை இரண்டும் மதிக்கின்றன.

சென்ற ஞாயிறு மாலையும் மகன் பேசினான். தொலைபேசி ஒலித்தவுடனே வீமன் எழுந்து, மூட்டு நோவோடு மெல்ல நடந்து, என் கதிரையின் இடப்பக்கத்தில் விரித்திருக்கும் சாக்கிற் போய்ப் படுத்தது. ரொமி மனைவியின் காலடியில் இருந்தது. மகனுக்கு நாங்கள் ஒழுங்கைச் சொல்லியிருக்கின்றோம். முகம் தெரிந்ததும் அவன் கேட்டான்:

"வீமன் எங்கை, அம்மா?"

மனைவி தொலைபேசியை முதலில் என் பக்கம் திருப்பினாள். வீமன் தலையை ஒரு முறை உயர்த்திப் பார்த்துவிட்டு, மீண்டும் சாக்கில் வைத்துக்கொண்டது. ரொமி தன் முறைக்குக் காத்திருந்தது.